இறந்தோர் பெயரேடு



அரசியல் வன்முறைக்கு இரையான பொதுமக்களின் பெயர்களை எழுதிவைத்தல் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது துயரம் மிகுந்த பொருள்தான். ஆயினும் பழி தீர்க்கும் நோக்கோடு பேசவேண்டிய பொருளன்று. இறந்தவருக்கு இருப்பவர் ஆற்றவேண்டிய கடன்களுள் முதலாவது எது என்னும் கேள்வி இதனுள் அடங்கியிருக்கின்றது.

தமிழர் இக்கடனை அறியாதவர் அல்லர். போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. அக்கல்லில் அவன் பெயரையும் பொறித்தனர் நம் முன்னோர். ஆனால், அது படைக்கலம் ஏந்தியவனுக்கு உரிய கல். அடுக்களையில் நின்ற பெண்ணுக்கும், அகதி முகாமிலே படுத்திருந்த இளைஞனுக்கும், பள்ளிவாசலிலே தொழுகையில் நின்ற முதியவருக்கும் கல் நடுவார் யார்?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில் ஆரையம்பதி என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரில் நின்று எத்திசை நோக்கினும் இக்கேள்வி நம்மை எதிர்கொள்ளும். வடக்கே, எல்லையோடு எல்லையாக இருப்பது காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவுத் தொழுகையின்போது அங்கே இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். தெற்கே இருப்பது குருக்கள்மடம். அதற்கு முந்திய மாதத்தில், பயணத்தில் இருந்த முஸ்லிம்கள் அங்கே கடத்தப்பட்டுக் கொலையுண்டனர். வடக்கே இன்னும் சற்றுத் தொலைவு சென்றால், மட்டக்களப்பு நகருக்கு அப்பால், சத்துருக்கொண்டான். 1990 செப்டெம்பர் 9ஆம் நாள் அவ்வூரிலும் அயலிலுள்ள பிள்ளையாரடி, பனிச்சையடி, கொக்குவில் ஆகிய ஊர்களிலும் இருந்து இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்ட தமிழ் மக்கள் 184 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் கைக்குழந்தைகளும் இருந்தனர். அதற்கு நான்கு நாள் முன்னர், வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் பிடித்துச் செல்லப்பட்டு மீளாது போயினர்.

மேற்கே, வாவிக்கு அப்பால் உள்ளது படுவான்கரை. ஒரு காலத்தில் மண்முனைத் துறையில் ஓடத்திலேறி அக்கரை சென்றனர். 2014ஆம் ஆண்டு முதல் அங்கே பாலம் இருக்கின்றது. பாலத்தைக் கடந்தால் கொக்கட்டிச்சோலையும் மகிழடித்தீவும். 1991 ஜூன் 12ஆம் நாள் கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து, அங்கிருந்த ஊர்மக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். ஜனாதிபதி ஆணைக்குழுவொன்று இதனை விசாரித்தது. அதன் கணக்கில் இறந்தோர் 67 பேர். ஊரார் கணக்கிலோ 152 பேர். இவ்விரு எண்களுக்கும் இடையே நிற்கும் 85 பேர் யாவர்? எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. கூடுதலாகச் சொன்னீர் என்று ஒருவரும், குறைத்துச் சொன்னீர் என்று மற்றவரும் வழக்காடிக்கொண்டே இருக்கலாம். பெயர், தந்தை பெயர், ஊர், வயது, இறந்த இடம் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதப்பட்டிருக்குமாயின் அவ்வழக்கு எழாது. எண்ணை மறுப்பது எளிது. பெயரை மறுப்பது அரிது.

இத்தகைய கணக்கை நாடு முழுவதற்குமாக எழுத முற்பட்ட தேசம் ஒன்று உண்டு. அது தென்னாபிரிக்கா. அதன் வரலாறு வேறு, நம் வரலாறு வேறு. ஆயினும், அது பெயரேடு எழுதிய முறையில் நாம் கற்பதற்குச் சில உள.

நிறவெறி ஆட்சி பதிவேடுகளில் மிகுந்த நம்பிக்கை கொண்ட ஆட்சி. 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதனையும் இனம் பிரித்து எழுதியது. எங்கே வாழலாம், எந்தப் பள்ளியிற் படிக்கலாம் என்பதெல்லாம் அப்பதிவைப் பொறுத்தே அமைந்தன. உயிரோடிருந்தவனின் நிறத்தை அத்துணைக் கவனமாக எழுதிய அரசு, தன் கையால் இறந்தவனைப் பற்றி எழுதியது என்ன? 1960 மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னுமிடத்திற் காவற்படை சுட்டதில் இறந்தோர் 69 பேர் என்றே அதன் பதிவு கூறியது. உலகமும் பல்லாண்டு காலம் அவ்வெண்ணையே சொல்லி வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றபின், நான்சி கிளார்க், வில்லியம் வோர்ஜர் என்னும் வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களை ஆராய்ந்து, இறந்தோர் குறைந்தது 91 பேர் என்று காட்டினர். அகமது திமோல் என்னும் ஆசிரியர் 1971 ஒக்டோபர் 27ஆம் நாள் யொகன்னஸ்பேர்க் காவல் நிலையத்தின் மேல்மாடியிலிருந்து வீழ்ந்து இறந்தார். தற்கொலை என்று 1972இல் மரண விசாரணை முடிவு செய்தது. குடும்பத்தார் விட்டுவிடவில்லை. 2017இல் மீண்டும் விசாரித்த நீதிமன்றம், அது கொலையே என்று தீர்ப்பளித்தது.

அவ்வாட்சி நீங்கியபின் அமைந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1996 ஏப்ரலில் தன் அமர்வுகளைத் தொடங்கியது. 21,000க்கு மேற்பட்டோரின் வாக்குமூலங்களை அது பெற்றது. பாதிக்கப்பட்டோர் தத்தம் தாய்மொழியிலேயே பேச இடமளித்தது. அதன் அறிக்கையின் ஏழாம் தொகுதி முழுவதும் பெயர்களே. ஒவ்வொரு பெயருக்குங் கீழே நேர்ந்தது யாதென்று சில வரிகள். அப்பெயர்கள் எழுத்து வரிசையிலே நிற்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. காவற்படை கொன்றவரும், விடுதலை இயக்கத்தாரின் குண்டுக்குப் பலியானவரும் அடுத்தடுத்து வருகின்றனர். விடுதலை இயக்கமே தன் முகாம்களிற் செய்த கொடுமைகளையும் ஆணைக்குழு எழுதியது. அதனால் மனங்கசந்த அவ்வியக்கம், 1998இல் அறிக்கை வெளிவருவதைத் தடுக்க நீதிமன்றம் சென்று தோற்றது. இனவரிசையில் மக்களை எழுதிய நாட்டில், இறந்தோரை எழுத்து வரிசையில் எழுதியது சிறு செயலன்று.

நம் நாட்டிலே எழுத்தே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1994இல் நியமிக்கப்பெற்று நீதிபதி கே. பாலகிட்ணர் தலைமையில் இயங்கிய ஆணைக்குழு, சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை நிகழ்ச்சிகளை விசாரித்து எழுதியது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோருக்கென ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில், மரணச் சான்றிதழ் பெற மனமில்லாத குடும்பத்தார், காணாமற்போனமையைக் குறிக்கும் சான்றிதழைப் பெறவும் சட்டம் வழி செய்தது. மகன் இறந்தான் என்று கையொப்பமிடத் தாயை வற்புறுத்தாமை சிறிய ஆறுதலே எனினும், ஆறுதலே. ஊர்தோறும் நினைவுத்தூண்களும் உள. ஆயினும், தமிழர் தூணில் தமிழர் பெயர். முஸ்லிம்கள் பள்ளிவாசற் சுவரில் முஸ்லிம்கள் பெயர். இரண்டையும் ஒருங்கே படிப்பதற்கு ஓர் ஏடு வேண்டும்.

அவ்வேட்டை எழுதுவது எவ்வாறு? அதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். நம் ஊர்களிலே ஒரே பெயருடையோர் பலர். ஆதலின் தந்தை பெயரும் வீட்டுப் பெயரும் இன்றியமையாதன. ஒரே பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி ஆவணங்களில் மூவகையாக எழுதப்படும். ஒருவரை மூவராக எண்ணிவிடலாம், இருவரை ஒருவராக்கியும் விடலாம். முதியோர் நாளையும் மாதத்தையும் திகதியாற் சொல்வதில்லை. அம்மன் சடங்குக்கு முன்னர், வேளாண்மை வெட்டுக்குப் பின்னர், நோன்பு தொடங்கிய கிழமை என்றே சொல்வர். அச்சொல்லை அவ்வாறே எழுதிக்கொண்டு, பாடசாலை இடாப்பு, வாக்காளர் இடாப்பு, பிறப்புப் பதிவு ஆகியவற்றோடு ஒப்புநோக்க வேண்டும். கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்து எழுத வேண்டும். சொல்பவர் விரும்பாவிடின் அவர் பெயரை மறைக்க வேண்டும். கொன்றவர் யார் என்பதைச் சான்றுள்ள அளவிற்கு எழுதவேண்டும். சான்றில்லாதவிடத்து ஊகத்தை எழுதலாகாது. ஒரு பொய்ப் பெயர் புகுந்துவிட்டால், நூறு மெய்ப் பெயர்கள் ஐயத்துக்கு இடமாகும்.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அயலூரார் இழந்ததை அறியாதவர், தாம் இழந்ததே பேரிழப்பு என்று எண்ணுவர். அவ்வெண்ணத்திலேதான் அடுத்த வன்முறை வித்தூன்றுகின்றது. ஆரையம்பதிச் சிறுவன் காத்தான்குடிப் பெயர்களைப் படிக்கவேண்டும். காத்தான்குடிச் சிறுவன் மகிழடித்தீவுப் பெயர்களைப் படிக்கவேண்டும். அவ்வாறு படித்தவன் அயலான் மேற் கையோங்குமுன் ஒருகணம் தயங்குவான். அத்தயக்கம் நாட்டுக்குப் பெருஞ்செல்வம்.

1990இல் நாற்பது வயதில் மகனை இழந்த தாய் இன்று எழுபதைக் கடந்துவிட்டாள். அவள் நினைவிலுள்ள பெயரும் அங்க அடையாளமும், அன்று அவன் உடுத்திருந்த உடையின் நிறமும் அவளோடு மறைந்துவிடக்கூடும். ஆகவே ஆணைக்குழுவும் அலுவலகமும் வரட்டும் என்று காத்திராது, ஆசிரியரும் மாணவரும், கோயிலாரும் பள்ளிவாசலாரும் கூடி, தத்தம் ஊரிலே ஓர் ஏட்டைத் திறத்தல் வேண்டும். அதில் தமிழர் பெயரும் முஸ்லிம் பெயரும் அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்கட்டும்.