விசா மறுக்கப்பட்டதுண்டா?



ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்பிட விசாவுக்கு விண்ணப்பிக்கும் நம் மலேசியர்களைப் பற்றிய கருத்தரங்கு இது. புள்ளிகள், ஆங்கிலத் தேர்வு, செலவு எல்லாவற்றையும் எனக்கு முன் பேசிய நண்பர் சொல்லிவிட்டார். நான் விண்ணப்பத்திலுள்ள ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலோ வேறு எந்த நாட்டிலோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா, ரத்து செய்யப்பட்டதா என்பதே அந்தக் கேள்வி.

கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா மகன் 2009-இல் சுற்றுலா போக அமெரிக்க விசா கேட்டார். கோலாலம்பூரில், தூதரகச் சன்னலில் இரண்டே நிமிடம்தான். ஒரு தாளையும் கடப்பிதழையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் அதை மறந்துவிட்டார். 2018-இல் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தபோது இதை முகவரிடம் சொல்லியிருக்கிறார். அதுதான் வேதனை! "பழைய கதையை எழுதி ஏன் வம்பில் மாட்டிக்கொள்கிறீர்கள், அவர்களுக்குத் தெரியவா போகிறது?" என்று முகவர் 'இல்லை' எனக் குறித்துவிட்டார். அண்ணனும் தலையாட்டிவிட்டார்.

தெரிந்துவிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிநுழைவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது; 2019-இல் விசா மறுக்கப்பட்டது. 4020 என்ற எண் கொண்ட விதியின்படி, பொய்யான தகவல் தந்து மறுக்கப்பட்டவருக்கு அந்த விதி பொருந்தும் விசாக்கள் 3 ஆண்டுகளுக்குக் கிடைக்காது. அடையாளத்தையே மாற்றிச் சொன்னால் 10 ஆண்டுகள். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் சேர்ந்து விண்ணப்பித்த மற்றவர்களையும் அது பிடிக்கும். அண்ணனுக்கு அப்போது வயது 44. திறனாளர் விசாவுக்கு அழைப்பு கிடைக்கும்போது 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. மூன்று ஆண்டுகள் முடிந்தபோது அவருக்கு 47. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

"முகவர் செய்த தவறு" என்று நாம் சொல்லலாம். ஆனால், தன் விண்ணப்பத்தைப் பிறரைக் கொண்டு நிரப்பினாலும் தானே நிரப்பியதாகத்தான் அந்நாட்டுச் சட்டம் கொள்ளும்.

இதில் கொடுமை என்னவென்றால், 'ஆம்' என்று எழுதியிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. திரும்பி வருவாரா என்ற சந்தேகத்தில் ஒரு நாடு சுற்றுலா விசாவை மறுப்பது அன்றாடம் நடப்பது. குடியேறவே விண்ணப்பிக்கும் திறனாளரை அதற்காக மட்டும் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஆகவே கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். 80-ஆம் எண் பாரத்தில் முகவரிகளைக் கேட்கும்போது 10 ஆண்டுக் கணக்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டு மறுப்புக்கும் பத்தாண்டுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே இருப்பது 'எப்போதாவது' என்ற சொல். முடிவு வருவதற்கு முன் நீங்களே மீட்டுக்கொண்ட விண்ணப்பம் மறுப்பு ஆகாது. ஆனால் எல்லா நாட்டுப் பாரமும் ஒன்றல்ல. அமெரிக்க விசா பாரத்தில், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்றே ஒரு கேள்வி உண்டு. அங்குள்ள தாய்மாமா எப்போதோ அம்மாவுக்குப் போட்ட மனுவில் உங்கள் பெயரும் இருந்ததா என்று வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஏற்கெனவே தவறாக எழுதி அனுப்பிவிட்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தவறான பதிலைத் திருத்தி அறிவிக்க ஆஸ்திரேலியாவில் 1023 என்ற பாரம் இருக்கிறது. அவர்களாகக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவதற்கு முன் நீங்கள் அனுப்புவது வேறு, பின்னால் அனுப்புவது வேறு.

"மறுப்புக் கடிதம் தொலைந்துவிட்டதே, தேதியும் நினைவில்லையே" என்பவர்கள் நாட்டையும் ஆண்டையும் விசா வகையையும் எழுதி, கடிதம் கைவசம் இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். முகவர் அனுப்பும் முன் முழு விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் முகவரை மாற்றுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள்.