எழுத்துக்கு உறுதி உண்டா?

(படைப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



வெங்காயத் தறையில் இரவிலே புகுந்து விளைச்சலை அள்ளிச் செல்பவனைக் கள்வன் என்கிறோம். பத்தாண்டு உழைத்து ஒருவர் எழுதிய நூலை அள்ளிச் செல்பவனுக்கு என்ன பெயர்? 2025 யூன் மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இதற்கு அரை விடை பகர்ந்தது.

செயற்கை நுண்ணறிவு எந்திரம், மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் படித்தே பேசக் கற்கின்றது. அந்திரொப்பிக் என்னும் கொம்பனி எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட நூற்பிரதிகளைத் திருட்டு நூலகங்களிலிருந்து இணைய வழியே எடுத்து வைத்திருந்தது. எழுத்தாளர் மூவர் வழக்குத் தொடுத்தனர். விலைகொடுத்து வாங்கிய நூலால் எந்திரத்தைப் பயிற்றுவது நியாயமான பயன்பாடே என்றார் நீதிபதி அல்சப். திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்ததற்கு அவ்விலக்கை அளிக்க மறுத்தார். முற்பாதி எழுத்தாளருக்குத் தோல்வியே, அதை மறைப்பானேன்? பிற்பாதி விசாரணைக்கு வருமுன்னரே, செப்டெம்பரில், கொம்பனி 150 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. நூலொன்றுக்கு ஏறத்தாழ 3,000 டொலர்.

இனித்தான் நம்மவர் கூர்ந்து கேட்க வேண்டும். அப்பணம், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துள் பதியப்பெற்ற நூல்களுக்கே உரியது. அவை ஏறத்தாழ ஐந்து இலட்சம். ஒரு நூலுக்குப் பல பிரதிகள் இருந்தமை இக்குறைவுக்கு ஒரு காரணம், பதிவின்மை மற்றொன்று. அங்கே பதியாத நூல், யாழ்ப்பாணத்தில் பிறந்ததாயினும் இலண்டனில் பிறந்ததாயினும், அப்பட்டியலில் இல்லை.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிவு கேட்பதில்லை. எழுதிய கணமே உரிமை பிறக்கின்றது. ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை நிலைக்கின்றது. நன்று! ஆனால், உறுதி எழுதிப் பதியாத காணிக்காரன் எல்லைத் தகராற்றிற் படும் பாட்டை இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுமா? முந்நூறு பிரதி அச்சிட்டு, பாதியை நண்பர்க்கு இலவசமாய் வழங்கிவிட்டு ஓய்ந்துபோகும் நம் கவிஞர் எந்தப் பட்டியலில் இடம்பெறுவார்?

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தை ஒத்த நியாயமான பயன்பாட்டு விதி நமது சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் இருக்கின்றது. 2003இல் அதனை இயற்றியோர் எந்திரப் பயிற்சியைக் கனவிலும் கண்டிரார். நாளை ஒரு கொம்பனி அப்பிரிவைக் காட்டி நம் நூல்களை அள்ளுமாயின் எதைக் கொண்டு தடுப்போம்?

ஆதலின், உரியவரின் இணக்கமும் ஊதியமுமின்றி எந்திரத்துக்கு நூலை ஊட்டலாகாது எனத் திருத்தம் கொண்டுவருமாறு நம் பாராளுமன்ற உறுப்பினரை வற்புறுத்தக் கோருகிறேன். அதுவரையில், எழுதுவோர் தத்தம் கையெழுத்துப் பிரதியையும் அச்சகப் பற்றுச்சீட்டையும் காணி உறுதியோடு ஒரே பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவார்களாக!