தீ பற்றியதா, தீ வைத்தார்களா?

ஐதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் செல்லும் நெடுஞ்சாலை மன்னனூரைத் தாண்டியதும் நல்லமலைக் காட்டினுள் நுழைகின்றது. மாசி, பங்குனி மாதங்களில் அக்காடு தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். இன்று அம்ராபாத் புலிகள் காப்பகம் என வழங்கும் இப்பகுதியில் கோடைதோறும் தீ மூள்வதும், மூண்ட மறுநாளே 'இதைச் செய்தவர் யார்?' என்ற வினா எழுவதும் வழக்கமாகிவிட்டன.

இவ்வினா நல்லமலைக்கு மட்டும் உரியதன்று. உலகில் எங்கே காடு எரிந்தாலும் எழுகின்றது. அண்மைக் காலத்தில் அதற்கு ஒரு புதிய விடையும் சேர்ந்திருக்கின்றது. ஆளில்லாமல் பறக்கும் ட்ரோன் வானிலிருந்து நெருப்பைப் போட்டுவிட்டுச் செல்கிறது என்பதே அவ்விடை. கேட்பவர் சிரித்துவிடலாம். ஆனால் நேயர்களே, வானிலிருந்து நெருப்பிடும் கருவி கற்பனையன்று. அது இருக்கின்றது, பகிரங்கமாகவே பயன்படுகின்றது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1961 ஜனவரியில் டுவெல்லிங்கப் என்னும் மரத்தொழில் ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. சருகு மிகுதியாகச் சேர விட்டதே கேட்டுக்குக் காரணம் என்று உணர்ந்த அந்நாட்டார், ஈரம் உள்ள பருவத்திலேயே சிறு தீயிட்டுச் சருகைக் குறைக்கும் முறையை விரிவாக்கினர். பல்லாயிரம் ஏக்கரில் கால்நடையாகச் சென்று தீயிட ஆள் ஏது? ஆகவே 1965-இல் விமானத்திலிருந்து சிறு தீக்குப்பிகளைப் போடத் தொடங்கினர். இன்று வழங்கும் முறை எளியது. பிளாஸ்டிக் பந்து ஒன்றினுள் பொட்டாசியம் பர்மாங்கனேட் இருக்கும்; நம் ஊர்க் கிணறுகளில் நீரைத் தூய்மை செய்ய இடும் அதே ஊதா நிறப் பொருள்தான். விழுவதற்குச் சற்று முன்பு அப்பந்தினுள் கிளைகால் என்னும் திரவத்தை ஊசியால் ஏற்றுவர். மோட்டார் வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றும் பொருள் அது. இரண்டும் கலந்து அரை நிமிட அளவில் தாமே தீப்பற்றும். 2016-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தார் இவ்வேலையைச் செய்யும் ட்ரோன் ஒன்றைப் புல்வெளியில் சோதித்துக் காட்டினர். விமானி உயிரைப் பணயம் வைத்துப் புகைக்குள் தாழப் பறக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரும் பயன்.

பகைவர் வானிலிருந்து தீயிட முயன்றதும் வரலாற்றில் உண்டு. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஜப்பானியர், தாளால் செய்த 9,000-க்கும் மேற்பட்ட பலூன்களில் வெடிகுண்டும் தீக்குண்டும் கட்டி, பசிபிக் கடலைக் கடந்து வீசும் உயர்வானக் காற்றில் மிதக்க விட்டனர். அமெரிக்கக் காடுகளை எரிப்பது நோக்கம். பருவம் மழையும் பனியுமாக இருந்தமையால் காடு எரியவில்லை. அமெரிக்க அரசு செய்தியை மறைத்து வைத்தது. 1945 மே 5-ஆம் நாள் ஆரிகன் மாநிலத்தில் பிளை என்னும் ஊரருகே, விழுந்து கிடந்த பலூன் குண்டு ஒன்று வெடித்து ஒரு பெண்மணியும் ஐந்து சிறார்களும் மாண்டனர். பின்னரே மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மறைத்த அரசைப் பின்னாளில் மக்கள் ஐயுற்றால் அவர்களை முற்றிலும் குறை சொல்வதற்கில்லை.

எனினும், செய்யக் கூடியது என்பது ஒன்று. செய்யப்பட்டது என்பது வேறொன்று. 2023 ஜூன் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பல இடங்களில் ஒரே வேளையில் புகை எழுவதைச் செயற்கைக்கோள் படம் காட்டியது. 'ஒரே நேரத்தில் எப்படி? திட்டமிட்டே வைத்திருக்கிறார்கள்' என்றனர் பலர். உண்மையில், முன்பே விழுந்த மின்னலால் நிலத்தில் கனன்றுகொண்டிருந்த நெருப்பு, வெயிலும் காற்றும் சேர்ந்தவுடன் ஒருங்கே மேலெழுந்தது. இதில் ஒரு விந்தையும் உண்டு. அரசே தீ வைக்கிறது என்று பரப்பி வந்த ஒருவர், அக்கோடையில் 14 இடங்களில் தாமே தீ வைத்ததாக 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்!

அல்ஜீரியாவில் நேர்ந்ததோ பெருந்துயரம். 2021 ஆகஸ்டில் கபீலியா மலைப்பகுதி எரிந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து தீயணைக்க உதவ வந்த இளைஞர் ஒருவரையே தீ வைத்தவர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்துக் கொன்று எரித்தது. அவர் குற்றமற்றவர்.

இனி நம் ஐதராபாத்துக்கு வருவோம். பாலாநகரில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் 1974-இல் தேசிய தொலையுணர்வு முகமையாகத் தோன்றி, 2008-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாயிற்று. ஷாத்நகரில் உள்ள அதன் நிலையம் செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்திகளை ஏற்கின்றது. காட்டில் எரியும் நெருப்பு அப்படங்களில் வெப்பப் புள்ளியாகத் தெரியும். ஒரு வகைக் கருவியில் அப்புள்ளியின் பக்கம் 1 கிலோமீட்டர். மற்றொன்றில் 375 மீட்டர். தேராதூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகைய புள்ளிகளை எச்சரிக்கையாக மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகின்றது. வியக்கத்தக்க சேவைதான். ஆனால் 375 மீட்டர்ச் சதுரத்தில் கையும் தெரியாது, தீக்குச்சியும் தெரியாது. எங்கே எரிகிறது என்பதைப் புள்ளி சொல்லும். எவரால் என்பதைச் சொல்லாது.

அக்குறையை நிரப்புவது பெரும்பாலும் நம் சொற்களே. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இதை நன்கு அறிவோம். தமிழில் 'தீ பற்றியது' என்றால் செய்தவர் எவருமில்லை. 'தீ மூட்டினர்' என்றால் ஒரு வேலை நடந்தது. 'தீ வைத்தனர்' என்றாலோ குற்றமே முடிவாகிவிட்டது. தெலுங்கில் 'நிப்பு அண்டுகுந்தி' என்பதற்கும் 'நிப்பு பெட்டாரு' என்பதற்கும் அதே தூரம். இந்தியில் தூரம் இன்னும் குறைவு. 'ஆக் லகீ', 'ஆக் லகாயீ': நடுவே ஓர் அசை புகுந்தால் விபத்து குற்றமாகிறது. ஆஸ்திரேலியர் செய்வது தீமூட்டல். அதைத் 'தீவைப்பு' என்று பெயர்த்துவிட்டால் அங்குள்ள வனத்துறையே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். கோப்பில் ஒரு சொல் மாறுகிறது, அவ்வளவே. ஆனால் அச்சொல் காட்டை அடையும்போது அது யார் தலையில் விழுகிறது?

நல்லமலையில் அது எளிதாக விழும் தலை செஞ்சு மக்களுடையது. தேன் எடுக்கப் புகையிடுவோர் ஆகையால் நெருப்போடு அவர்களுக்கு உறவு உண்டு. அதுவே ஐயத்துக்குப் போதுமானதாகிவிடுகிறது. அவர்களைப் பற்றி ஹைமண்டார்ஃப் என்னும் மானிடவியலறிஞர் 1943-இல் நூல் வெளியிட்டபோதே அவர்கள் நெடுங்காலமாக அக்காட்டில் வாழ்ந்து வந்தவர்கள். தம் வீட்டுக் கூரையை எவர் கொளுத்துவர்?

காட்டில் நெருப்பு வரும் வழிகள் பல. பீடி இலை நன்கு தளிர்க்கட்டும் என்று சிலர் எரிப்பதுண்டு. இலுப்பைப் பூவைப் பொறுக்க மரத்தடியைச் சுட்டுச் சுத்தம் செய்வர். மேய்ப்பர் புதுப் புல்லுக்காக எரிப்பர். ஸ்ரீசைலம் செல்லும் பயணிகள் சாலையோரம் சமைத்துவிட்டு அடுப்பை அணைக்காமல் போவர். இவையெல்லாம் 'மனிதரால் நேர்ந்தவை' என்ற ஒரே தலைப்பில் அடங்கும். அத்தலைப்பில் அலட்சியமும் பிழைப்பும் பகையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வனத்துறையினரும் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளில் சருகைத் திரட்டிக் கையால் எரிக்கின்றனர். அதைத் தொலைவிலிருந்து காண்பவன் ஊருக்குச் சென்று என்ன சொல்வான்? ட்ரோனும் அவ்வாறே. 2021-இல் தெலங்கானாக் காடுகளில் ட்ரோன் கொண்டு விதைப்பந்து தூவும் முயற்சி தொடங்கியது. நெருப்புப் பந்தும் பந்து, விதைப்பந்தும் பந்து. கீழே நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் வானிலிருந்து விழும் ஏதோ ஒன்று.

ஆகவே பாலாநகரில் எத்துணைக் கூர்மையான படம் கிடைத்தாலும், காரணத்தைக் காண ஒருவர் நடந்து சென்று சாம்பலைப் பார்க்க வேண்டியிருக்கின்றது. எரிந்த மரத்தின் எப்பக்கம் கருகியிருக்கிறது, தீ எத்திசையிலிருந்து வந்தது, தொடங்கிய இடத்தில் அடுப்புக் கல் கிடக்கிறதா, மின்னல் பிளந்த மரம் நிற்கிறதா என்று அவர் பார்த்தாக வேண்டும். அம்ராபாத்தில் வனத்துறையின் காவல் முகாம்களில் அமர்ந்து, புகை கண்டதும் பச்சைத் தழைக் கொத்தோடு ஓடுவோருள் செஞ்சு இளைஞர்களும் இருக்கின்றனர்.