மழைக்கு முன் பார்க்க வேண்டிய புகைபோக்கி

கூரையில் ஓர் ஓடு உடைந்தால் அன்று மாலைக்குள் ஆள் அழைக்கப்படுகிறார். புகைபோக்கியில் விரிசல் கண்டாலோ அடுத்த மழை வரையில், பல வீடுகளில் அதற்கடுத்த மழை வரையிலும், அது அப்படியே விடப்படுகிறது. கூரையின் பழுது வீட்டிலுள்ளோர் அனைவரின் தலையிலும் சொட்டுகிறது. புகைபோக்கியின் பழுது அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரின் கண்ணையும் மார்பையும் மட்டும் தாக்குகிறது. அவர் பெரும்பாலும் வீட்டுச் செலவைத் தீர்மானிப்பவராக இருப்பதில்லை.

பெங்களூருவின் கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த ஆஸ்டின் டவுன், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம். கன்னட அகராதி கண்ட ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் பெயரால் இதற்குக் கிட்டல் நகர் என்ற பெயரும் உண்டு. அவர் சார்ந்திருந்த பாசல் மிஷன்தான் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்த வகை ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் செங்கல் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு மேலெழும். சமையலுக்கு எரிவாயு வந்த பின்னரும், குளியலறையில் வெந்நீர்த் தவலைக்கென்று ஒரு விறகடுப்பு வைத்திருக்கும் வழக்கம் பழைய பெங்களூரு வீடுகளில் உடனே மறைந்துவிடவில்லை. கன்னடர்கள் ‘ஹண்டே’ என்பது இந்தத் தவலையைத்தான். தேங்காய் மட்டை, மரத்துண்டு, பழைய பெட்டிப் பலகை என்று கிடைத்ததெல்லாம் அதற்கு எரிபொருள். அந்த அடுப்பின் புகை வெளியேறுவதற்கு இருப்பது ஒரே வழி.

பெங்களூருவின் ஆண்டு மழை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அளவை நோக்க இது பெருமழை அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையோரத்து ஊர்கள் இதைவிடப் பன்மடங்கு பெறுகின்றன. ஆயினும் இங்கு மழைக்காலம் நீண்டது. ஏப்ரல், மே மாதங்களில் காற்றோடும் இடியோடும் கூடிய கோடை மழை, ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என ஏறத்தாழ எட்டு மாதங்கள் செங்கல் அடிக்கடி நனைகிறது. இடையில் முழுமையாக உலர அதற்குக் காலம் கிடைப்பதில்லை. கோடை மழையோ காற்றின் வேகத்தால் சாய்வாக வந்து புகைபோக்கியின் பக்கச் சுவரில் மோதுகிறது.

நனைந்த புகைபோக்கி ஏன் புகையை இழுப்பதில்லை என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். உள்ளிருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. அந்த எடை வேறுபாடே இழுவிசையாகிறது. 3 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியின் உள்ளே சராசரி வெப்பம் 100 டிகிரி, வெளியே 25 டிகிரி என்றால் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 7 பாஸ்கல். நீர்மட்டத்தில் சொன்னால் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நல்ல நிலையில் உள்ள புகைபோக்கியின் வலிமையே இவ்வளவுதான். உள்வெப்பம் 50 டிகிரிக்கு இறங்கினால் அது 3 பாஸ்கலுக்கும் கீழே போய்விடுகிறது. செங்கல்லில் ஊறிய ஒவ்வொரு லிட்டர் நீரும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,250 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு தருவது மொத்தம் 16,000 கிலோஜூல் அளவில். அதிலும் ஒரு பகுதியே புகையோடு மேலே செல்கிறது. ஆகவே மழை பெய்த மறுநாள் காலையில் மூட்டிய அடுப்பின் வெப்பம் முதலில் செங்கல்லை உலர்த்தவே செலவாகிறது. அதுவரை புகை அறைக்குள் தங்குகிறது. விறகு ஈரம் என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள்.

நீர் புகும் இடங்கள் மூன்று. உச்சி முதலாவது. அங்குச் சரிவுடன் கூடிய காரைத் தளம் இருக்க வேண்டும். அதன் விளிம்பு சுவரைத் தாண்டி 5 சென்டிமீட்டராவது நீண்டு, அடிப்புறத்தில் நீர் சொட்டி விழ ஒரு காடி பெற்றிருக்க வேண்டும். திறந்த வாயின்மேல் தகரத் தொப்பி வேண்டும். தொப்பிக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி குழாயின் விட்டத்திற்குக் குறையாதிருப்பது நலம். மழைக்கு அஞ்சித் தொப்பியைத் தாழ்த்தி வைத்துப் புகைக்கும் வழியில்லாமற் செய்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. பறவைகளைத் தடுக்கக் கட்டும் நெருக்கமான கம்பிவலையும் சில மாதங்களில் கரிபிடித்து அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது இடம், கூரையும் புகைபோக்கியும் சந்திக்கும் மூட்டு. பெரும்பாலான ஒழுக்கு இங்குதான். கொத்தர்கள் இந்த மூட்டைச் சுற்றிச் சிமென்ட் சாந்தை அப்பிச் செல்வது வழக்கம். ஓடுகள் மரச்சட்டத்தின்மேல் கிடப்பவை; வெயிலுக்கும் ஈரத்திற்கும் ஏற்ப அந்தச் சட்டம் அசைகிறது. புகைபோக்கியோ தரையிலிருந்து எழும் சுவர். அது அவ்வாறு அசைவதில்லை. இரண்டையும் இறுகப் பிணைத்த சிமென்ட் ஓராண்டிற்குள் மயிரிழை அளவில் பிளக்கிறது. மயிரிழையே நீருக்குப் போதும். இதற்கு உரிய பரிகாரம் தகடு. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடோ அலுமினியத் தகடோ ஆகலாம். ஒரு தகடு கூரையோடு சேர்ந்து, புகைபோக்கிச் சுவரை ஒட்டிச் சற்று மேலெழுந்து நிற்க வேண்டும். மற்றொரு தகட்டின் மேல்விளிம்பைச் செங்கல் வரிசைகளுக்கு இடையே இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் வெட்டிச் செருகி, கீழ்விளிம்பை முதல் தகட்டின்மேல் மடித்துத் தொங்கவிட வேண்டும். இரண்டையும் ஆணியால் இணைக்கலாகாது. ஒன்று அசைய மற்றொன்று இடம் தர வேண்டும். கூரைச் சரிவின் மேற்புறத்தில் தகடு ஓட்டின் அடியில் செல்ல வேண்டும். கீழ்ப்புறத்தில் ஓட்டின்மேல் படிய வேண்டும். மேற்புறத்தில் நீர் தேங்காமல் இருபுறமும் பிரிந்தோட ஒரு சிறு முகடும் அமைத்தல் வேண்டும். இவ்வளவையும் ஒரு கொத்தரும் ஒரு தகரவேலைக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டியிருப்பதே இந்த வேலை ஒத்திப்போடப்படுவதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது இடம் சுவரே. பழைய செங்கற்கள் மென்மையானவை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. அச்சாந்து ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விட்டுவிடும். அதைச் சுரண்டிவிட்டு ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையால் இடுக்குகளை அடைத்தால், சாந்து செங்கல்லைவிடக் கடினமாகிவிடுகிறது. உள்ளே புகுந்த ஈரம் செங்கல் வழியாகவே வெளியேற முயன்று, அதன் முகத்தை உதிர்க்கிறது. சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்றாகச் சேர்த்த சாந்தோ, சிமென்ட், சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றை 1:2:9 என்ற அளவில் சேர்த்த கலவையோ இதற்குப் பொருத்தம். பூசியபின் ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமாவது காக்க வேண்டும். எனாமல் வர்ணம் அடித்து ‘மழையை அடைத்துவிடுவது’ உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறைவைப்பதாகும். சுண்ணாம்பு வெள்ளையடிப்பே மேலானது. மழை அரிதாகவுள்ள ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பெங்களூருவில் இந்த வேலைக்கு உகந்தவை.

இவையெல்லாம் செம்மையாக இருந்தும் புகை கீழிறங்குமானால், பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் எழுந்தால், அதன்மேல் மோதித் திரும்பும் காற்று தாழ்ந்த புகைபோக்கியின் வாயில் அழுத்துகிறது. அமெரிக்கக் கட்டட விதிகள், கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டரும், 3 மீட்டர் சுற்றளவில் உள்ள எந்தக் கட்டடப் பகுதியையும்விட 60 சென்டிமீட்டரும் புகைபோக்கி உயர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆஸ்டின் டவுனின் நெருக்கமான தெருக்களில் அந்த இரண்டாவது விதியை நிறைவேற்றுவது எளிதன்று. அத்தகைய வீட்டில் விறகடுப்பையே கைவிடுவது அறிவுடைமை. அப்போதும் வாயை முற்றாக அடைத்துவிடாமல், மழை புகாத காற்றுத்துளை விட்டே மூட வேண்டும்; இல்லையேல் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைக் கெடுக்கும்.

கல்நார் சிமென்ட் குழாய் பொருத்திய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. கல்நார் இழை புற்றுநோய் விளைவிப்பது. விரிசல் கண்ட குழாயை அறுப்பதோ உடைப்பதோ உராய்வதோ கூடாது. நனைத்து, முழுதாகக் கழற்றி, வேறு குழாய் அமைப்பதே தக்கது.

அடைபட்ட குளியலறைப் புகைபோக்கியின் தீங்கு கண்ணெரிச்சலோடு முடிவதன்று. கதவும் சன்னலும் மூடிய சிறு அறையில் கனன்றுகொண்டிருக்கும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றும் வேளையில் குளிப்பவரால் எழுந்து கதவைத் திறக்க இயலாமற் போகலாம். வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்நாட்டில் புகையில்லா அடுப்பைப் பற்றிய அறிவுக்குக் குறைவில்லை. 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு இதற்கென உழைத்தார். பெங்களூருவின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ அமைப்பு, புகைபோக்கியுடன் கூடிய ‘அஸ்த்ரா ஒலே’ அடுப்பை உருவாக்கியது. 1980களின் முற்பகுதியில் தொடங்கி 2002இல் நிறுத்தப்பட்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் கீழ் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அமைத்துத் தரும் தொழிலாளருக்கு ஒவ்வோர் அடுப்புக்கும் தொகை உண்டு. மூன்றாண்டு கழித்துக் கூரைமேல் ஏறி மூட்டைப் பார்ப்பவருக்கு என்ன உண்டு என்ற கேள்வி மிக அரிதாகவே எழுப்பப்பட்டது. ஒடிசாவின் 44 கிராமங்களில் டூஃப்ளோ, கிரீன்ஸ்டோன், ஹன்னா ஆகியோர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்கிறது. முதலாண்டில் மக்கள் உட்கொண்ட புகை குறைந்தது. பராமரிப்பும் பயன்பாடும் தளர்ந்த பின் அந்தப் பயன் மறைந்துவிட்டது.

2016ஆம் ஆண்டின் உஜ்வலா திட்டம் எரிவாயுவைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றுள்ளது. ஆயினும் உருளையை நிரப்பும் செலவுக்கு அஞ்சி, வெந்நீருக்கும் நெடுநேரச் சமையலுக்கும் விறகை நாடும் குடும்பங்கள் உள்ளன. வாடகை வீடுகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. தகடு மாற்றும் செலவு தன்னுடையதன்று என்று குடியிருப்பவர் கருதுகிறார். அடுப்பைத் தான் பயன்படுத்துவதில்லை என்று உரிமையாளர் கருதுகிறார். வீட்டுச் சீரமைப்புக்கு நிதி வழங்கும் எத்திட்டத்திலும் ‘கூரை’ என்ற தலைப்பின் கீழ்ப் புகைபோக்கியின் மூட்டும் தொப்பியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படுமாயின், இந்த வழக்கு ஓரளவு தீரும்.

வேலை முடிந்ததைச் சோதிக்க இரண்டு நாட்கள் போதும். முதல் நாள், அடுப்பு ஆறியிருக்கும்போது, மூட்டைச் சுற்றியுள்ள ஓடுகளின்மேல் இரண்டு குடம் நீரை மெல்ல ஊற்றி, உள்ளே கை மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை அடுப்புவாயில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொளுத்திப் பிடித்து, அதன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நோக்க வேண்டும்.