பெயரில்லாத் துப்பறிவோன்

1923ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதியிட்ட 'பிளக் மாஸ்க்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையிலே ஒரு சிறுகதை வெளிவந்தது. சஞ்சிகையின் பெயருக்குக் கறுப்பு முகமூடி என்பது பொருள். கதையின் பெயர் 'ஆர்சன் பிளஸ்'. எழுதியவர் பீற்றர் கொலின்சன் என்று போட்டிருந்தது. கலிபோர்னியாவிலே, ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடொன்று இரவில் எரிந்துபோகிறது. வீட்டுக்காரனும் தீயில் மாண்டுவிட்டான் என்கிறார்கள். ஆயுட் காப்புறுதித் தொகையோ மிகப் பெரியது. காரணத்தை ஆராய்ந்து வரும்படி ஒருவன் அனுப்பப்படுகிறான். அவன் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. சாம்பலைக் கையிலெடுத்துப் பார்த்துச் சுருட்டின் பெயரைச் சொல்லவில்லை. வேலைக்காரரைக் கேட்கிறான், அயலவரைக் கேட்கிறான், ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒத்துப் பார்க்கிறான், ஒவ்வாத இடத்தைக் கண்டதும் மீண்டும் போய்க் கேட்கிறான். முடிவை இங்கே சொல்லிவிடுவது முறையன்று. குற்றம் வெளியாகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் குற்றத்தை வெளிப்படுத்தியவனின் பெயர் என்ன? கதை அதைச் சொல்லவேயில்லை. அடுத்த கதையிலும் அவன் வந்தான், அப்போதும் பெயரில்லை. முற்றுப்பெற்ற 28 தனிக்கதைகளிலும் 2 நாவல்களிலும் அவன் தானே தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறான். இறுதிவரையும் பெயர் சொல்லவில்லை. கொன்டினென்டல் துப்பறியும் கொம்பனியின் சான் பிரான்சிஸ்கோக் கிளையிலே சம்பளத்துக்கு வேலை செய்பவன் அவன். ஆகவே வாசகர் அவனைக் 'கொன்டினென்டல் ஒப்' என்று அழைக்கத் தொடங்கினர். 'ஒப்' என்பது 'ஒப்பரேற்றிவ்' என்பதன் சுருக்கம். கொம்பனிக்காக வெளியே போய் வேலை பார்க்கிறவனுக்குத் துப்பறியும் தொழிலாளர் வழங்கிய பெயர் அது.

ஷெர்லொக் ஹோம்ஸ் என்னும் பேரறிஞனைப் பற்றி நேயர்கள் நன்கு அறிவார்கள். அவன் பிறர் காணாததைக் காண்பான், வயலின் வாசிப்பான், விருப்பமில்லாத வழக்கைத் தொடமாட்டான். அவனுக்குப் பின் இங்கிலாந்திலே பெருகிய கதைகளில், மாளிகையொன்றின் நூலகத்திலே பிணம் கிடக்கும். விருந்தாளிகளை ஒரு கூடத்திலே கூட்டிவைத்து, அறிவாளியொருவன் முடிச்சை அவிழ்ப்பான். 'ஒப்' இவ்வினத்தைச் சேர்ந்தவனல்லன். நாற்பது வயதை எட்டிய, குள்ளமான, பருத்த உடலினன் அவன். மேலதிகாரி போ என்றால் போகவேண்டியவன். மழையில் நனைந்து தெருமூலையிலே காவல் நிற்பான். தவறான ஆளைப் பின்தொடர்ந்து ஒரு நாளை வீணாக்குவான். செலவுக் கணக்கு எழுதுவான். ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளை, நன்றாக அவிந்து இறுகிய முட்டையைச் சுட்டும் 'ஹாட் பொயில்ட்' என்ற சொல்லால் குறிப்பர். இளகிய மனத்துக்கு இடங்கொடாத கதை என்பது கருத்து.

இவ்வளவு துல்லியமாக ஒரு தொழிலை எழுதக்கூடியவர் அத்தொழிலைச் செய்தவராகவே இருத்தல் வேண்டும். பீற்றர் கொலின்சன் என்பது புனைபெயர். அக்காலத்து நாடகக் கொட்டகைப் பேச்சிலே 'பீற்றர் கொலின்ஸ்' என்றால் ஆளில்லாத ஆள். அவன் மகன் கொலின்சன். அதாவது எவனுமல்லாதவனுடைய மகன்! அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் டஷீல் ஹமெற். 1894இல் மேரிலாந்து மாநிலத்திலே பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். 1915இல் போல்ற்றிமோர் நகரிலே பிங்கேற்றன் துப்பறியும் கொம்பனியிற் சேர்ந்தார். அக்காரியாலயம் இருந்த கட்டடத்தின் பெயர் கொன்டினென்டல். கதைக் கொம்பனிக்குப் பெயர் வந்த வழி அதுவே. முதலாம் உலகப் போரின்போது இராணுவத்திற் சேர்ந்த ஹமெற், முகாமிலே கொள்ளைச் சளிக்காய்ச்சலுக்கு ஆளாகி, அதன் தொடர்ச்சியாகச் சயரோகத்தையும் பெற்றார். 1921இல் சான் பிரான்சிஸ்கோவிலே மணம் புரிந்தார். தெருவிலே அலைந்து செய்யும் வேலைக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையாக அவருக்கு எழுத்து வாய்த்தது.

பிளக் மாஸ்க் சஞ்சிகையோ இலக்கியத்துக்கென்று தொடங்கப்பட்டதன்று. எச். எல். மென்கன், ஜோர்ஜ் ஜீன் நேதன் என்னும் இரு விமரிசகர்கள், நட்டத்தில் ஓடிய தங்கள் உயர்தர ஏட்டைத் தாங்குவதற்காக 1920இல் தொடங்கிய மலிவுக் கடதாசிச் சஞ்சிகை அது. சில மாதங்களில் அதை நல்ல இலாபத்துக்கு விற்றுவிட்டு, அதன் பெயரைக் கூட அவர்கள் மதிப்பாகச் சொல்லவில்லை. தள்ளிவிட்ட பொருளிலிருந்தே புதிய இலக்கிய வகையொன்று பிறந்தது என்பது வேடிக்கைதான். ஹமெற்றுக்குச் சில மாதங்கள் முந்தியே கரோல் ஜோன் டேலி என்பவர் அதே சஞ்சிகையிலே றேஸ் வில்லியம்ஸ் என்னும் முரட்டுத் துப்பறிவோனை அறிமுகப்படுத்தினார். அக்கால வாசகர் அவனையும் மிக விரும்பினர். இன்று படிக்கும்போது அவன் வாயும் துப்பாக்கியும் ஓயாது வெடிப்பது மட்டுமே தெரிகிறது.

இரண்டு பேரும் சுடுகிறார்கள். இரண்டு பேரும் குற்றவாளிகளோடு பழகுகிறார்கள். அப்படியிருக்க வேறுபாடு எங்கே? 1925 டிசம்பரில் வந்த 'கூபிஞ்ஞல் தீவின் கொள்ளை' என்று பெயர் சொல்லத்தக்க கதையைப் பார்க்கலாம். செல்வர்கள் ஓய்வாக வாழும் சிறு தீவு. அங்கே திருமண வீடொன்றிலே பரிசுப் பொருள்களுக்கு இரவுக் காவலாக 'ஒப்' அனுப்பப்படுகிறான். கையிலே ஒரு சாகச நாவல்; வெளியிலே மழை. நள்ளிரவிலே வெடிச்சத்தம் கேட்கிறது. ஒரு கூட்டம் இயந்திரத் துப்பாக்கியோடு வந்து, வங்கியையும் நகைக் கடையையும் உடைத்து, தீவு முழுவதையுமே கொள்ளையிடுகிறது. அலைந்து திரிந்ததில் அவன் கால் பிசகிவிடுகிறது. ஊனமுற்ற ஒருவனுடைய ஊன்றுகோலைத் தனதாக்கிக்கொண்டு நொண்டி நொண்டித் தேடுகிறான். இறுதியிலே குற்றத்தின் வேர், நாடிழந்து வந்த ருசியப் பிரபுக்களிடம் இருப்பது தெரிகிறது. அவர்களுள் ஒருத்தி இளவரசி.

அவள் முதலிலே பணம் தருவதாகச் சொல்கிறாள். பின்னர் பணத்திலும் பெரிதொன்றைத் தருவதாகக் குறிப்புக் காட்டுகிறாள். அவன் சொல்லும் மறுமொழியிலே வீரமுமில்லை, தருமோபதேசமுமில்லை. இந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான். வேறு வேலைக்குப் போனால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். ஆயினும் இதைத் தவிர வேறொன்றும் தனக்குத் தெரியாது, வேறொன்றிலும் இன்பமில்லை. அப்படியிருக்க, எவ்வளவு பணத்துக்கு இதை விற்பது என்று கணக்குப் பார்க்கிறான். நேர்மைக்கு இவ்வளவு எளிய காரணம் சொன்ன கதாநாயகர் சிலரே. நொண்டியால் ஓடிவந்து பிடிக்க முடியாது, பெண்ணைச் சுடவும் மாட்டான் என்று எண்ணி அவள் வாசலை நோக்கி நடக்கிறாள். அவன் எச்சரிக்கிறான். அவள் நிற்கவில்லை. காலிலே சுடுகிறான். சுட்டபின் அவனே திகைத்துப்போகிறான். அதற்குமுன் அவன் ஒரு பெண்ணைச் சுட்டதில்லை. ஊன்றுகோலைப் பறித்தவன் இதையும் செய்வான் என்று அவள் அறிந்திருக்க வேண்டாமா என்பதே அவனுடைய ஆத்திரம்.

இந்த இடத்திலே வாசகருக்குச் சற்று மனக்கலக்கம் உண்டாகிறது. கடமை என்னும் சொல்லுக்குள் எவ்வளவு கொடுமையும் அடங்கலாம் என்ற ஐயம் எழுகிறது. கொம்பனியின் சான் பிரான்சிஸ்கோக் கிளைத் தலைவரையும் ஹமெற் அவ்வாறே படைத்தார். 'கிழவர்' என்பதைத் தவிர அவருக்கும் பெயரில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சாந்தமான கண்கள்; எப்போதும் இனிய பேச்சு. ஐம்பது ஆண்டு அத்தொழிலிலே உழன்றதில் அவரிடம் மரியாதையைத் தவிர வேறு உணர்ச்சி எதுவும் எஞ்சவில்லை. தன் ஆட்களைச் சாவின் வாய்க்குள் அனுப்பும்போதும் முகத்திலே அதே புன்னகைதான். 'ஒப்' தானும் ஒருநாள் இவரைப்போல் ஆகிவிடுவான் என்பதை வாசகர் தாமே உணருமாறு கதைகள் நகர்கின்றன.

1926இல் ஹமெற், கூலி போதவில்லை என்று கதையெழுதுவதை நிறுத்தி, நகைக்கடை ஒன்றுக்கு விளம்பரம் எழுதப் போய்விட்டார். அங்கே இரத்தம் கக்கி விழுந்தார். அவ்வாண்டின் இறுதியிலே சஞ்சிகைக்கு ஆசிரியராக வந்த ஜோசெப் ஷோ அவரை மீண்டும் அழைத்து, நீண்ட கதை எழுதுமாறு தூண்டினார். அதன் பயனாக 1927 நவம்பர் முதல் நான்கு இதழ்களிலே தொடராக வந்து, 1929இல் நூலானது 'ரெட் ஹார்வெஸ்ற்' என்னும் 'செவ்வறுவடை'.

சுரங்கத் தொழிலாலே கறுத்துப்போன ஒரு மலைநகரம். பேர்சன்வில் என்பது அதன் பெயர். ஊரார் வாயிலே அது பொய்சன்வில், நச்சூர், ஆகிவிட்டது. சுரங்கம், வங்கி, பத்திரிகைகள் யாவும் ஒரு கிழ முதலாளிக்குச் சொந்தம். தொழிலாளர் வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காக அவர் அடியாட்களை வரவழைத்தார். வேலைநிறுத்தம் உடைந்தது, அடியாட்கள் திரும்பிப் போகவில்லை. நகரத்தையே பங்குபோட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். இக்கதையிலே ஹமெற்றின் சொந்த மனச்சாட்சியும் சம்பந்தப்பட்டிருக்கிறது. வேலைநிறுத்தங்களை முறியடிக்க ஆள் அனுப்புவது பிங்கேற்றன் கொம்பனியின் பழைய தொழில்களில் ஒன்று. 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்ரெட் உருக்காலையிலே அவ்வாறு போனவர்களுக்கும் தொழிலாளருக்கும் நேர்ந்த மோதலில் இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. 1917 ஓகஸ்ட் முதலாந் திகதி, மொன்ரானா மாநிலத்தின் பியூற் என்னும் செப்புச் சுரங்க நகரிலே, பிராங் லிற்றில் என்ற தொழிற்சங்கத் தலைவர் நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவரைக் கொல்வதற்கு 5000 டொலர் தருவதாகத் தம்மிடம் கேட்கப்பட்டதென்று ஹமெற் சொன்னதாக, அவருடைய நெடுநாள் தோழியான நாடகாசிரியை லிலியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். அது உண்மையாக நடந்ததா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். ஆயின் பேர்சன்வில் நகரம் பியூற்றின் சாயலிலே எழுந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வர்.

அந்நகரைத் துப்புரவாக்க 10,000 டொலர் வாங்கிக்கொண்டு 'ஒப்' இறங்குகிறான். அவன் கையாண்ட வழி மிக எளியது: ஒருவனைப் பற்றி மற்றவனிடம் சொல்லிவிடுவது. மிகுதியை அவர்களே செய்துகொள்கிறார்கள். பிணங்கள் விழுகின்றன. ஒரு கட்டத்திலே அவன் டைனா பிராண்ட் என்னும் பெண்ணிடம் தன் மனத்தைத் திறக்கிறான். சட்ட வழியிலேயே காரியத்தை முடித்திருக்கலாம், ஆயினும் கொல்லவைப்பது சுலபமாகவும், அதிலும் மோசமாக, இனிப்பாகவும் இருந்தது என்கிறான். இந்த ஊரின் நஞ்சு தன் இரத்தத்திலும் ஏறிவிட்டது என்று அஞ்சுகிறான். அன்றிரவு அபினி கலந்த மதுவைக் குடித்து மயங்கி, காலையிலே கண்விழிக்கும்போது அவன் கையிலே பனிக்கட்டி உடைக்கும் ஊசியின் பிடி. ஊசி அவள் மார்பிலே. கொன்றவன் தானா இல்லையா என்பது அவனுக்கே தெரியவில்லை. கூட வேலைசெய்த தோழன் அவனைச் சந்தேகிக்கிறான். அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத் தேடுகிறான். குற்றவாளியைத் தேடிப் புறப்பட்ட துப்பறிவோன் தன்னையே தேடவேண்டிய நிலைக்கு வருவதைத் துப்பறியும் கதையிலே இவ்வளவு உண்மையாக எழுதியவர் அதற்கு முன் இலர் எனலாம்.

கதையின் முடிவிலும் வெற்றி முழக்கம் இல்லை. படையினர் வந்து நகரை அடக்குகின்றனர். நகரம் மீண்டும் அந்தக் கிழ முதலாளி கைக்கே போகிறது. 'ஒப்' ஒரு விடுதியிலே உட்கார்ந்து, தான் மீறிய விதிகளெல்லாம் மறையும்படி அறிக்கை எழுதிப் பார்க்கிறான். கிழவர் ஏமாறவில்லை. அவனுக்கு நல்ல ஏச்சுக் கிடைக்கிறது.

1930க்குப் பின் ஹமெற் 'ஒப்'பை விட்டுவிட்டார். 'மோல்ரீஸ் பல்கன்' முதலிய நாவல்கள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. 1934இல் வந்த 'தின் மேன்' நாவலோடு எழுத்தும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1951இல், பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களுக்குப் பிணைப்பணம் கொடுத்த நிதிக்கு உதவியவர்களின் பெயர்களைச் சொல்லும்படி நியூயோர்க் நீதிமன்றம் அவரைக் கேட்டது. அவர் சொல்ல மறுத்தார். அப்பெயர்களில் ஒன்றேனும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று ஹெல்மன் எழுதுகிறார். தெரியாது என்று சொன்னாலே வீட்டுக்குப் போயிருக்கலாம், சொல்லவில்லை. ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நோயோடும் கடனோடும் வாழ்ந்து 1961 ஜனவரி 10ஆம் திகதி காலமானார்.

மலிவுக் கடதாசியிலே வந்த கதைகள் பழுத்து உதிரவேண்டியவை. எலரி குவீன் என்ற பெயரில் எழுதிய இருவருள் ஒருவரான பிரெடரிக் டானே, 1940களிலே பழைய இதழ்களைத் தேடியெடுத்து, சிறு தொகுதிகளாக வெளியிட்டுவந்தார். எனினும் கதைகள் யாவும் ஒரே நூலாக வருவதற்கு 2017ஆம் ஆண்டுவரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஹமெற்றின் பேர்த்தி. புதிதாகத் தொடங்குவோர் கூபிஞ்ஞல் தீவுக் கதையை முதலிலும் செவ்வறுவடையை அதன்பின்பும் படித்தல் நன்று. 'ஆர்சன் பிளஸ்' கை பழகாத காலத்துக் கதை. மூன்றாவதாக வைத்துக்கொண்டால் அதன் அருமை தெரியும். 'டெயின் கேர்ஸ்' என்னும் மற்ற நாவலைப் பற்றி ஹமெற்றுக்கே நல்ல எண்ணம் இருக்கவில்லை. அதைக் கடைசிக்கு விட்டுவிடலாம்.