தட்டை ஒதுக்கும் பிள்ளைகள்

(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

உடல் மெலிந்தும் சாப்பிட மறுப்பது, நிறையச் சாப்பிட்டுவிட்டு வலிய வாந்தி எடுப்பது இரண்டும் பிடிவாதம் அல்ல. சிகிச்சை தேவைப்படும் மனநலக் கோளாறு. சென்னை மருத்துவ மாணவர்களிடம் இதன் லேசான வடிவம் இருப்பதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இத்தகைய பிள்ளையை முதலில் கவனிப்பவர்கள் குடும்ப டாக்டர், ஆசிரியை, கிராம சுகாதாரச் செவிலியர். மனநல நிபுணர் அல்லாதவர்களும் கேட்கத்தான் லண்டன் டாக்டர்கள் 1999-இல் ‘ஸ்காஃப்’ என்ற ஐந்து கேள்விகளை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா என்பது அதில் ஒன்று. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரை அழைத்து, சுந்தரபாண்டியத்தில் இவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தச் சொல்லிக் கேட்போம். பெற்றோர் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நாம் செய்யவேண்டியது, “பொண்ணு ஏன் இப்படி மெலிஞ்சுட்டா?” என்று அந்தத் தாயிடம் படிக்கட்டில் கேட்காமல் இருப்பது.