இறைச்சியின் நிலையை உரைக்கும் உணரி



பொட்டலத்தில் அச்சிட்ட காலாவதித் தேதி, இறைச்சி இடையறாது குளிரில் இருந்தால்தான் பொருந்தும். ஐயம் எழுந்தாலோ, உழைத்து வாங்கியதை எறியவும் மனம் வராது, உண்ணவும் அச்சமே.

இதற்கென இஸ்தான்புல் நகரின் கோச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2023ஆம் ஆண்டில், 2 சென்டிமீட்டர் சதுரமுள்ள உணரியொன்றை அறிவித்தனர். இறைச்சி கெடுகையில் எழும் அமின் ஆவிகள் அதன் பூச்சில் பட, அதன் மின்தன்மை மாறுகிறது. அதில் மின்கலமில்லை, கம்பியுமில்லை. அருகே பிடிக்கும் கைப்பேசியே மின்விசை அளித்து, அம்மாற்றத்தைப் படித்தறிகிறது.

ஆயினும், நோய்க்கிருமிகள் சில நாற்றமின்றியே பெருகும். ஆகவே இத்தகைய உணரி நம் கடைகளுக்கு வந்தாலும், இறைச்சியை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைப்பதும், நன்கு வேகவைப்பதும் நம் கடமையேயாகும்.